கோல் விட்டவனுக்கு நான் எழுதிய வசனம்

போன மாதம் பிரியா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த தொலைக்காட்சி நிலையத்தில் சப்டைட்டில் பிரிவை இப்போது அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். பிரிவு என்றால் அவளும் ஒரு கணினியும்.

"அங்கிள், ஃபுட்பால் படங்கள்லயே பெஸ்ட் எது, வொர்ஸ்ட் எதுன்னு ஒரு லிஸ்ட் வேணும். அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் நீங்கதான் தமிழ் எழுதுனீங்களாமே. ஆப்ல போடணும். பத்து வரி போதும்" என்றாள்.

பத்து வரி போதும் என்று என்னிடம் சொல்லக்கூடாது. வாழ்நாளெல்லாம் ஒரு சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் எழுத விடாத வேலையில் இருந்துவிட்டு வந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது நீட்டி முழக்க வேண்டாமா? ஆகவே அவளுக்குப் பத்து வரியைத் தனியாக அனுப்பிக்கொள்கிறேன். முழுக் கதை இது.

பந்தாட்டப் படங்களைப் பற்றி முதலில் ஒரு பொது உண்மை. எல்லாப் படங்களிலும் கடைசி நிமிடத்தில்தான் கோல் விழும். உதைத்த காலிலிருந்து வலைக்குப் பந்து போய்ச் சேர்வதற்குள் நாம் தீவின் ஒரு கோடியான பாசிர் ரிஸ்ஸிலிருந்து மறுகோடி ஜூரோங்குக்கு ரயிலில் போய் இறங்கிவிடலாம். அந்த நேரத்தில் கோல்கீப்பர் தன் பிள்ளைப் பருவம் முழுவதையும் நினைத்துப் பார்ப்பார். பள்ளி மாணவனாக வருபவருக்கு முன்தலையில் முடி கொட்டியிருக்கும். பயிற்சியாளருக்கு நெஞ்சு வலி இருக்கும். பதினொரு பேர் ஆடினாலும் மூன்று பேருக்குத்தான் பெயர் இருக்கும். இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். பந்து மெதுவாகப் பறந்து முடியும்வரை யாரும் பேச மாட்டார்கள். யாரும் பேசாவிட்டால் நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் நல்ல படம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கும் படம்.

இந்தப் படங்கள் என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஆட்ட ஞானம் இல்லை. பிரிவில் மூத்தவர்கள் குடும்பப் படங்களையும் துப்பறியும் படங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் வந்தவனுக்குப் பந்து மிஞ்சியது. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், வாப்பாவின் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். அளந்து வெட்டுவதுதான் இங்கும் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். நினைத்தது பெரும்பாலும் சரிதான்.

வேலை கற்றுக்கொண்ட ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வாரமே ஒரு படத்தில் "இரண்டு கோள் வித்தியாசத்தில் வென்றோம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி மிஸஸ் பிலோமினா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"எந்த ரெண்டு கோள், அலாவுதீன்? சனியா, ராகுவா?"

எனக்கு விளங்கவில்லை.

"வலைக்குள்ள போறது கோல். வானத்துல சுத்துறது கோள். ஒருத்தன் மேல இன்னொருத்தன் போயி சொல்றதும் கோள்தான். நீ எதை அடிச்சே?"

அதற்கு அடுத்த வாரம் 'மூலை உதை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மூளை உதை' என்று எழுதினேன். அதை அவர் திருத்தவே இல்லை. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது யாருக்குத் தேவைன்னு எனக்குத் தெரியுது" என்றார்.

மிஸஸ் பிலோமினாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பொங்கோலில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் ஒரு படத்தைச் சரிபார்க்கும் முறை வேறு எங்கும் கிடையாது. முதலில் ஒலியை அணைத்துவிடுவார். பிறகு ஒரு பச்சை அட்டைக் கோப்பை எடுத்து, படம் தெரியாதபடி திரையின் மேல்பகுதியை மறைத்துவிடுவார். கீழே ஓடும் தமிழ் வரிகள் மட்டும் தெரியும். அவற்றை வாய்விட்டு, ஒரே குரலில், செபமாலை சொல்வதைப் போல வாசித்துக்கொண்டே போவார். கதை விளங்கினால் கையெழுத்து. எங்காவது கோப்பைத் தூக்கிப் படத்தைப் பார்க்க வேண்டி வந்தால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. "இங்க நீ தோத்துட்டே" என்பார். கடைசியாக, இப்போது ஒலியோடு, ஆங்கில வசனத் தாளைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவார். இந்த இரண்டும் முடியாமல் அவர் கையெழுத்து விழாது. கையெழுத்து விழுந்த படத்துக்கு ஒரு திருத்தம்கூட வந்ததில்லை என்பதில் அவருக்கு அடக்கமான கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தின் மேல்தான் நான் தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு போர்ச்சுகீசிய மொழிப் படம் வந்தது. சிறிய ஊர், ஏழைக் குழு, மழை, சேறு. எங்கள் யாருக்கும் அந்த மொழி தெரியாது. படத்தோடு வரும் ஆங்கில வசனத் தாளை வைத்துக்கொண்டுதான் தமிழ் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி இருபது நிமிடத்துக்குத் தாள் இல்லை. அனுப்பியவர்களுக்கு ஃபேக்ஸ் அடித்தோம். பதில் இல்லை. அன்று வியாழக்கிழமை. படம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு.

மிஸஸ் பிலோமினா, "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தாள் வரலேன்னா படத்தை மாத்திடுவோம்" என்றார். மாற்றினால், நான் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை பீரோவுக்குள் போகும். நான் அப்போது ஒப்பந்த ஊழியன். அந்த மாதம்தான் நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் வந்ததும், "மேடம், தாள் வந்துருச்சு" என்றேன்.

வரவில்லை. நானே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள் அது. எனக்குத் தெரியாத மொழியில் பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்து, என்ன பேசியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்து, அதை ஆங்கிலத்தில் எழுதி, அந்த ஆங்கிலத்தைத் தமிழில் 'மொழிபெயர்த்து' வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எனக்கு இரண்டு மொழிகள் தேவைப்பட்டன.

காட்சி இதுதான். இடைவேளை. உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் கோல்கீப்பரின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு நெருங்கி நின்று பேசுகிறார். கோல்கீப்பர் அழுகிறான். பிறகு மைதானத்துக்குப் போகிறான். கடைசி நிமிடத்தில், பிடித்திருக்கக்கூடிய பந்து அவன் கையைத் தாண்டி வலைக்குள் போகிறது. பயிற்சியாளர் வானத்தைப் பார்க்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு தோழன் கோல்கீப்பரின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறான். படம் முடிந்தது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பேச, இன்னொருவர் அழுதால், நம் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் எழுதினேன்: "உன் தகப்பனார் காலமாகிவிட்டார். / ஆட்டம் முடிந்து சொல்ல நினைத்தேன்." அதன் பிறகு: "பந்தைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. / நில். அது போதும்." பஸ்ஸில் தோழன் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு: "பொறுத்துக்கொள்."

மிஸஸ் பிலோமினா கோப்பால் திரையை மறைத்து வாசித்தார். "நில். அது போதும்" என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் தட்டச்சு செய்த போலித் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும்? கையெழுத்துப் போட்டார்.

படம் ஊரைக் கலக்கியது என்று சொன்னால் பொய். ஆனால் தேக்காவைக் கலக்கியது. திங்கட்கிழமை தே தாரிக் கடையில், கை தவறிக் கண்ணாடிக் குவளையை உடைத்த கூட்டாளியைப் பார்த்து கடைக்காரர், "பிடிக்காட்டியும் பரவால்ல லா. நில்லு, அது போதும்" என்றார். கடையே சிரித்தது. நான் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்த வசனத்தை என்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்ட ஒருவர் இருந்தார். என் மச்சான் யூசுப். என் அக்கா, மைமூன் லாத்தாவின் கணவர். சிராங்கூன் சாலையில் பெட்டிக் கடை, அதாவது பயணப் பெட்டி விற்கும் கடை, வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பேர்பெற்ற கோல்கீப்பர். ஃபேரர் பார்க் திடலில் நடந்த ஒரு கோப்பை இறுதியாட்டத்தில், குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்து ஒன்றை விட்டுவிட்டார். குழு தோற்றது. அன்றிலிருந்து அவர் பெயர் 'கேலோங் யூசுப்'. எங்கள் ஊர் ரசிகர்களிடம் கேலோங் என்றால், முடிவை முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம். அதைவிட மோசமான சொல் பந்தாட்டத்தில் கிடையாது. மச்சான் எத்தனையோ வருடம் அந்தப் பெயரைச் சுமந்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "மழை, பந்து வழுக்குச்சு" என்பார். அன்று பெய்தது வெறும் தூறல் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

படம் வந்த பிறகு மச்சானுக்குப் புது உயிர் வந்தது. காப்பிக் கடையில் பழைய கூட்டாளிகளிடம், "பாத்தீங்களா? கோல்கீப்பர் மனசுல என்ன இருக்குன்னு வெளிய நிக்கிறவனுக்கு என்ன தெரியும்? டிவியிலேயே சொல்லிட்டான்" என்பார். என்னைக் கண்டால் கறிபஃப் வாங்கிக் கொடுப்பார். "மாப்ள, உலகத்துலயே நல்ல ஃபுட்பால் படம் அதுதான்" என்பார். நானும் கூசாமல் தின்றேன்.

மூன்றாவது ஞாயிறு குட்டு வெளிப்பட்டது. மிஸஸ் பிலோமினாவின் தேவாலயத்துக்குக் கோவாவிலிருந்து வந்திருந்த ஒரு குருவானவர் இருந்தார். ஃபாதர் அந்தோனியோ. வேதாகமத்தை வாசித்தே தமிழ் கற்றவர். பந்தாட்டப் பைத்தியம். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே போர்ச்சுகீசியம் தெரியும் என்பது தமிழ்த் தொலைக்காட்சியில் யாருக்கும் தெரியாது. பூசை முடிந்து வாசலில் அவர் மேடத்திடம் சொன்னாராம்:

"சகோதரி, நீங்கள் காட்டிய படம் கண்டேன். உங்கள் எழுத்தில் அந்தப் பயிற்சியாளர் மிகவும் நல்ல மனிதர். என் செவியில் அவர் ஒரு திருடராய் இருந்தார்."

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தவர் உட்காரவில்லை. "கடைசி ரீலுக்கு வந்த ஃபேக்ஸ் எங்கே?" என்றார். தட்டச்சுத் தாளை நீட்டினேன். "இது தாள். நான் கேட்டது ஃபேக்ஸ். அந்த பேப்பர் வழவழன்னு இருக்கும், சுருளும்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் தாளில் அவர் போட்டிருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு, தனியாக, மாடிக்கு நிர்வாகியைப் பார்க்கப் போனார். நான் செய்த தப்பை அங்கே என்னவென்று சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கி வந்து, "அடுத்த மாசம் மறுபடி போடுறோம். ஃபாதர் மூணு நாள் வருவாரு. நீ எழுதுற, நான் பாக்குறேன்" என்றார். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

மூன்று பிற்பகல்கள். நடுவில் ஃபாதர், ஒரு பக்கம் நான், மறுபக்கம் பச்சைக் கோப்போடு மேடம். ஃபாதர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொல்வார். அந்தப் பயிற்சியாளர் உண்மையில் சொன்னது இது: "வாக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி நிமிடம். பந்து இடது பக்கம் வரும். நீ வலது பக்கம் விழு." கோல்கீப்பர் சொன்னது: "என் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், சார்." அதற்குப் பயிற்சியாளர்: "அதனால்தான் அழகாக விழு என்கிறேன்."

நான் துக்கம் என்று நினைத்த அழுகை துக்கம் இல்லை, வெட்கம். அப்பேர்ப்பட்ட காட்சியில் நான் சர்க்கரையைக் கொட்டி வைத்திருந்தேன். பிரியா, நீ கேட்டாயே, உன் பட்டியலுக்குப் பதில் இதுதான். நான் பார்த்ததில் மிக நல்ல பந்தாட்டப் படமும் அதுதான், மிக மோசமான பந்தாட்டப் படமும் அதுதான். மோசமானதை எழுதியவன் நான்.

பிறகு அந்த பஸ் காட்சி. தோழன் சொல்லும் ஒற்றைச் சொல். ஃபாதர், "முன்னமே ஏற்பாடு செய்யப்பட்ட ஆட்டம் என்று பொருள்படும் ஓர் இழிசொல்" என்றார். திரையில் அதற்கு இருக்கும் நேரம் ஒன்றரை விநாடி. 'முன்கூட்டியே பேசி முடித்த ஆட்டம்' என்று எழுதினால் படிப்பதற்குள் பஸ் டிப்போவுக்குப் போய்விடும். 'சதி' என்றால் ராஜா ராணிக் கதை. 'சூது' என்றால் தாயக்கட்டை.

"கேலோங்" என்றேன்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "என்னது?"

"கேலோங், மேடம். ஸ்டேடியத்துல எல்லாரும் அதைத்தான் கத்துவாங்க."

"கேலோங்னா கடல்ல கம்பு நட்டு, பலகை போட்டு மீன் புடிக்கிற இடம் லா. எங்கப்பா இருபது வருஷம் அதுலதான் நின்னாரு. பொங்கோல்ல வந்து கேட்டுப் பாரு. அதுக்கும் திருட்டு ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நான் ஃபாதரைப் பார்த்தேன். ஃபாதர் கூரையைப் பார்த்தார். பிறகு, "சகோதரி, உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் மைதானத்தில் அந்த வார்த்தையை உரத்த சத்தமாய்க் கூப்பிட்டிருக்கிறேன்" என்றார்.

மேடத்தின் முகம் சுருங்கியது. அவர் அப்பா நின்று உழைத்த இடத்தின் பெயரை ஊர் ஒரு வசவாக மாற்றி வைத்திருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் விளக்கினேன். மீன் வேலியைத் தொட்டுக்கொண்டே நீந்தும், தன் இஷ்டத்துக்குப் போவதாக நினைத்துக்கொள்ளும், ஆனால் எங்கே போய் முடியும் என்று மேலே நிற்கிறவருக்கு முன்பே தெரியும், அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்றேன். அவர் பென்சிலை மறுபடி கையில் எடுத்தார்.

"சரியாத்தான் சொல்லிருக்கானுங்க" என்றார் கடைசியில். "போடு. எங்கப்பா ஏமாத்துனது மீனை மட்டும்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. தொலைக்காட்சியில் ஒரு கோல்கீப்பரின் முகத்துக்கு நேராக அந்தச் சொல் வரப்போகிறது. என் மச்சான் அதே படத்தைக் காட்டித்தான் இத்தனை நாள் தலைநிமிர்ந்து நடக்கிறார். மறுநாள் காலை முதல் வேலையாக மேடத்திடம் போய், அந்தச் சொல்லை எடுத்துவிடலாம், 'சதி'யே இருக்கட்டும் என்றேன்.

"நேத்து நீதானே சண்டை போட்டே?"

விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"எங்கப்பாவுக்கு வலிக்கும்னு நான் எடுக்கச் சொல்லல. ஒன் மச்சானுக்கு வலிக்கும்னு நீ எடுக்கச் சொல்றியா? சரியான சொல்லு ஒண்ணுதான் இருக்கும், அலாவுதீன். சொந்தக்காரனுக்காக அதை மாத்துனா அது மொழிபெயர்ப்பு இல்ல, கல்யாணப் பத்திரிகை."

மறு ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை மாலை. முதல் நாளே மச்சானுக்கு ஃபோன் பண்ணி, வெளியே எங்காவது குடும்பத்தோடு போய்விட்டு வாருங்களேன் என்று குழைந்தேன். "அதெப்படி மாப்ள! நம்ம படமாச்சே! கூட்டாளிங்க மூணு பேரை வீட்டுக்கே வரச் சொல்லிட்டேன். நீயும் வா" என்றார். போனேன். தப்பு செய்தவன் பார்க்காமல் இருந்தால் அது இரண்டாவது தப்பு என்று எனக்குத் தோன்றியது.

சிராங்கூனில் அவர்கள் வீட்டு நடுக்கூடம். சோபாவில் மச்சானுடன் ஆடிய மூன்று பேர். அவரை முதன்முதலில் கேலோங் என்று கூப்பிட்டதே அவர்களில் ஒருவரான மணியம்தான். லாத்தா அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். உடை மாற்றும் அறைக் காட்சி வந்தது. "இப்பப் பாருங்க, இப்பச் சொல்வாரு" என்றார் மச்சான். "வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று கீழே தமிழ் ஓடியது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கறிபஃப்பைப் பார்த்தேன்.

பந்து உள்ளே போனது. பஸ் வந்தது. கோல்கீப்பரின் முகம் திரை நிறைய. அதன் கீழே ஒற்றைச் சொல்: "கேலோங்."

பிறகு மணியம் மெதுவாகச் சிரித்தார். "டிவியிலேயே சொல்லிட்டான், யூசுப்" என்றார். மச்சான் எழுந்துபோய் டிவியை அணைத்தார். திரும்பி எங்களைப் பார்க்காமல் அப்படியே நின்றார். ஒரு மனிதரின் முதுகு அவ்வளவு தனியாக நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிமிடம் என் வேலையையே வெறுத்தேன்.

லாத்தா கையில் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"அவரு கேலோங் இல்ல" என்றார்.

"மைமூன், உள்ள போ" என்றார் மச்சான்.

"போதும் மச்சான். வாப்பாவும் மவுத்தாயிட்டாங்க. இனிமே யாருக்குப் பயந்து?" தட்டை மேசையில் வைத்தார். "அன்னிக்கு நான் டைப்பிங் கிளாஸுக்குன்னு வீட்டுல சொல்லிட்டு திடலுக்குப் போனேன். இவரு ஆடுறதைப் பாக்கத்தான். கோலுக்குப் பக்கத்துல நின்னேன். தூறுச்சு. குடையை விரிச்சேன். மஞ்சக் குடை. இவரு திரும்பிப் பாத்தாரு. அவ்வளவுதான்."

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்த தம்பி நான். நிக்காஹ் பேசி முடித்ததே வாப்பா என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத்தன வருஷம் ஏன் மச்சான் சொல்லல?" என்று கேட்டேன்.

மச்சான் திரும்பாமலே பேசினார். "கேலோங்னு சொன்னா என் பேரு மட்டும்தான் கெடும். குடைன்னு சொன்னா காப்பிக் கடையில உங்க லாத்தா பேரு வரும்."

பிறகு மணியம் தொண்டையைச் செருமினார்.

"மஞ்சக் குடையா?" என்றார். "கைப்பிடி கறுப்பு?"

"ஆமா" என்றார் லாத்தா.

"எனக்கும் ஞாபகம் இருக்கு லா. நானும் பாத்தேன்."

பக்கத்திலிருந்தவர், "நானுந்தான்" என்றார்.

அப்போதுதான் மச்சான் திரும்பினார். "அடப்பாவிங்களா! நீங்க ரெண்டு பேரும் டிஃபென்ஸ்ல நின்னவனுங்க! பந்தைப் பாக்கலையா?"

அதற்கு மேல் அங்கே நடந்ததை எழுத முடியாது. நான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று மட்டும் சொல்லலாம். மணியம் எழுந்துபோய் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கையை விடவும் இல்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தகிடுதத்தத்தை அவர் மன்னித்துவிட்டதாக நான் நினைத்துவிடக்கூடாது என்று எண்ணினாரோ என்னவோ, வெள்ளிக்கிழமை ஒரு கட்டுக் கடிதத்தை என் முன் வைத்தார். எல்லாம் நேயர்கள் எழுதியவை. முதல்முறை போட்டதுதான் சரியான தமிழாக்கம், இரண்டாம்முறை எழுதியவருக்குப் போர்ச்சுகீசியமே தெரியாது, ஒரு நல்ல பயிற்சியாளரைத் திருடனாக்கிவிட்டார், அவரை வேலையிலிருந்து நீக்குங்கள் என்று கோரிக்கைகள். "ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுது. கையால எழுது. ஒவ்வொரு பதில்லயும் பொய் சொன்னது யாருன்னு எழுது" என்றார். ஆறு வாரம் எழுதினேன். ல, ள ஒரு இடத்திலும் தவறவில்லை. வேலை நிரந்தரமானது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான்.

இதையெல்லாம் பிரியாவிடம் சொன்னபோது அவள், "ஐயோ அங்கிள், அந்தப் படம் இப்ப நம்ம ஆப்ல இருக்கு. உங்க பழைய ஃபைலைப் போட்டு, ஸ்டாண்டர்ட் தமிழா மாத்துன்னு மெஷினுக்குச் சொன்னோம். இருங்க, கிளிப் அனுப்புறேன்" என்றாள். வந்தது. பஸ். கோல்கீப்பரின் முகம். தோழன் அவனை உற்றுப் பார்த்துச் சொல்கிறான்:

"மீன்பிடி மேடை."

கைபேசியை எடுத்துக்கொண்டு சிராங்கூனுக்குப் போனேன். மச்சான் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "மொதல்ல என்னைத் தியாகியாக்குன. அப்புறம் திருடனாக்குன. இப்ப மேடையாக்கிட்டியா?" என்றார். எட்டிப் பார்த்த லாத்தா, "அது மட்டும் சரி. பந்து போனப்ப அப்படித்தான் நின்னீங்க, அசையாம" என்றார்.

அதே கிளிப்பைப் பாசிர் ரிஸ்ஸில் மகள் வீட்டில் இருக்கும் மிஸஸ் பிலோமினாவுக்கும் அனுப்பினேன். இப்போது அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. அதே ஒரே சீரான குரல்.

"ஊர்ல எல்லாரும் மறந்துட்டாங்க. ஒரு மெஷினுக்காச்சும் எங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு தெரிஞ்சிருக்கு. சந்தோஷமா இருக்கு, அலாவுதீன்." பதிவில் பென்சிலால் ஒரு தட்டு கேட்டது. "ஆனா அது தப்பு. மாத்தச் சொல்லு."